வெள்ளைக் கத்தரிக்காய்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் முழங்காலில் வந்துதான் நிற்கிறது. உங்களுக்கு வலது, எனக்கு இடது. எண்ணெய் பூசியாகிவிட்டது, ஊசியும் போட்டாகிவிட்டது. ஆகவே இன்றைக்கு முழங்காலை ஒரு பக்கம் நீட்டி வைத்துவிட்டு வேறு கதை பேசலாம். எங்கள் வீட்டில் சவர்க்காரம் காய்ச்சிய கதை. இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். சவர்க்காரம் என்பது கடையில் காய்க்கிற சாமான் என்று அவர்களுக்கு நினைப்பு. வெள்ளைக்காரன் ஆண்ட அந்த உலகச் சண்டைக் காலத்தில் கடையில் எதுவுமே காய்க்கவில்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அலுவிகாரைக்கும் மாத்தளை டவுனுக்கும் நடுவில், ஒரு கொக்கோத் தோட்டத்து எல்லையில் எங்கள் வீடு. அப்பா அந்தத் தோட்டத்து ஸ்டோரில் கணக்கெழுதும் கிளாக்கர். வீட்டில் நாலு பேர். அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்காவான அத்தை. வீடு தோட்டம் கொடுத்தது. அடுப்படி அத்தையுடையது. அதற்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அத்தை உள்ளே போய் நின்றுகொண்டாள், அவ்வளவுதான்.

அத்தையின் அடுப்படிக்குப் பின்னால் ஓர் இருட்டறை. அதற்குள் வரிசையாகச் சாடிகள். தேசிக்காய் ஊறுகாய், உப்பு மாங்காய், புளி, ஈரப்பலாக்காய் வற்றல். மூலையில் மணல் குவித்து அதற்குள் பலாக்கொட்டை புதைத்து வைத்திருப்பாள். தோட்டத்தில் எது காய்த்தாலும் பாதி சட்டிக்கு, பாதி சாடிக்கு. அரிசிக்குக் கூப்பன் வந்த காலத்தில் அந்த அறைதான் எங்களைக் காப்பாற்றியது. அத்தைக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது. ஒவ்வொரு சாடியின் வாயிலும் ஒவ்வொரு நிறத் துணி கட்டியிருப்பாள். மஞ்சள் துணி தேசிக்காய், சிவப்புத் துணி மாங்காய். உப்புச் சாடிக்கு மட்டும் துணியில்லை, பெரிய கல் ஒன்று. அந்தக் கல்லை அத்தையைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது.

எங்கள் வீட்டில் மரக்கறிச் சாப்பாடு. மீன் கிடையாது, இறைச்சி கிடையாது, முட்டை கிடையவே கிடையாது. முட்டை என்ற சொல்லைக்கூட அத்தை அடுப்படிக்குள் சொல்ல விடமாட்டாள். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கத்து முஸ்லிம் வீட்டில் ஓர் உம்மா இருந்தாரே! அவருடைய பிள்ளைகள் உம்மா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். உம்மாவிடம் ஒன்பது கோழிகள். அதில் ஒரு கறுப்புக் கோழிக்குத் தன் வீட்டுக் கூடை பிடிக்காது. வேலிக்குள் நுழைந்து வந்து, எங்கள் விறகுச் சாய்ப்பில் அத்தை அடுக்கி வைத்திருக்கும் தென்னை ஓலைக்குள்தான் முட்டை இடும். அத்தை தினமும் காலையில் சிரட்டை அகப்பையை எடுத்துக்கொண்டு போவாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே முட்டையை அகப்பையில் ஏற்றி, கையை நீட்டி வேலிக்கு மேலே பிடித்துக்கொண்டு கத்துவாள்.

"இந்தா, ஒங்க கோழி செஞ்ச வேலை!"

"கோவிக்காதீங்கக்கா, அதுக்கு ஒங்க வூடுதான் புடிச்சி ஈக்கிது," என்று உம்மா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். பிறகு அத்தை அகப்பையை மூன்று தடவை கழுவுவாள். எங்கள் இரண்டு வீட்டின் உறவும் அந்த அகப்பையின் நீளம்தான்.

சவர்க்காரத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் டவுனில் அது அறவே இல்லாமல் போய்விட்டது. வழக்கமாக வரும் டோபி, பட்டாளத்து முகாமில் உடுப்பு வெளுக்கப் போய்விட்டான். போகிற போக்கில் அப்பாவுக்கு ஒரு கட்டி பட்டாளத்துச் சவர்க்காரம் கொடுத்துவிட்டுப் போனான். செங்கல் அளவு. அப்பா அதைக் கோயில் பிரசாதம் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அத்தை ஒரு தடவைதான் மோந்து பார்த்தாள்.

"மாட்டுக் கொழுப்பு. இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மாடு உம்மா வீட்டுக்குத் தடையில்லையே என்று வேலிக்கு மேலே கொடுத்தாள். உம்மா சந்தோஷமாக வாங்கினார். சாயந்திரம் திரும்பக் கொண்டுவந்து நின்றார்.

"கொழந்தைகள்ட வாப்பா சொல்றார், வெள்ளக்காரன்ட சவுக்காரத்துல பன்றிக் கொழுப்பு ஈக்குமாம். எங்களுக்கு ஹராம். நீங்களே வச்சிக்கங்க தங்கச்சி."

"மாடுன்னு எங்க மதினி சொல்றாங்களே ராத்தா," என்றாள் அம்மா.

"இல்லையாம், பன்றியாம்."

அந்தக் கட்டி மூன்று நாளில் நாலு தடவை வேலி தாண்டியது. மாடா பன்றியா என்று தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. இரண்டு வீட்டிலும் வேண்டாம், எறியவும் மனமில்லை. கடைசியில் வேலிக் கம்பத்தின் தலையில் வைத்துவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்த மழை ஒரு வாரம் விடவில்லை. கம்பம் முழுக்க நுரை. அந்த வருஷம் மாத்தளையிலேயே சுத்தமாக இருந்தது அந்தக் கம்பம்தான்.

உங்களுக்குச் சிரிப்பு. எனக்கு அப்போது அழுகை. ஏனென்றால் என்னிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை, நான் போனதோ மிஷன் பள்ளிக்கூடம். திங்கட்கிழமை காலையில் எங்களை வரிசையாக நிறுத்துவார்கள். பெரிய டீச்சர் ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொருத்தியின் சட்டைக்குப் பக்கத்திலும் பிடித்துப் பார்ப்பார். காகிதத்தைவிட மங்கலாக இருந்தால், திரும்பி வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அடுத்த திங்கள்தான் மறுபடி வரலாம். சண்டைக் காலத்துக் காகிதமே பழுப்புத்தான். அதையும்விடப் பழுப்பாக இருந்தது என் சட்டை. அம்மா பூந்திக்கொட்டையை ஊற வைத்துத்தான் அடித்துத் துவைத்தாள். பூந்திக்கொட்டை அழுக்கைப் போக்கியது, வெள்ளையையும் சேர்த்துப் போக்கியது. தை மாதத்தில் என் சட்டை பால் விடாத பிளேன்டீ நிறத்துக்கு வந்துவிட்டது.

முதல் திங்கள் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த திங்களும் அனுப்பினார்கள். அன்றைக்கு நான் மட்டுமில்லை, வகுப்பில் பாதிப் பேர். ஆனால் ஸ்டோரைக் கடந்துதான் நான் வீட்டுக்கு வரவேண்டும். பத்து மணிக்குக் கிளாக்கர் மகள் புத்தகப் பையோடு திரும்பிப் போவதைச் சாக்குத் தைக்கிறவர்கள் முதல் சின்னத்துரை வரை பார்த்தார்கள். அப்பாவுக்கு மானம் போய்விட்டது.

சாப்பிடும்போது சொன்னார். "இன்னொரு தடவை திருப்பி அனுப்புனாங்கன்னா அதோட சரி. சண்டை முடியட்டும், சோப்பு வரட்டும், அப்புறம் பள்ளிக்கூடத்தப் பத்திப் பாத்துக்கலாம்."

சண்டை எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடம் என்றால் எனக்கு உயிர். படிப்பில் நான் கெட்டிக்காரி என்று நினைக்காதீர்கள், கணக்கில் மண்டு. பள்ளிக்கூடத்தின் வாசனை பிடிக்கும், மணி அடிப்பது பிடிக்கும், எல்லாவற்றையும்விடத் திங்கட்கிழமை கடைசிப் பாடம் பிடிக்கும். அப்போது பெரிய டீச்சர் ஒரு கதை சொல்வார். ஏழு கதவுள்ள ஓர் அரண்மனை, அதற்குள் அகப்பட்டுக்கொண்ட ஒரு பெண். வாரத்துக்கு ஒரு கதவுதான் திறப்பார். சட்டை மங்கலாக இருந்தால் கதவும் கிடையாது. ஆறாவது கதவை நான் வாங்கில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் கூட்டாளி சொல்லித்தான் அறிந்தேன். இரண்டாம் தடவை பாதிப் பேரை அனுப்பிவிட்டதால் ஏழாவது கதவை அடுத்த திங்களுக்குத் தள்ளி வைத்துவிட்டார்.

"போகட்டும், விடு தம்பி," என்றாள் அத்தை. "வீட்டுல இருந்தா பலாக்கொட்டையாவது உரிப்பா. படிச்சு என்ன, தொரையாகவா போறா?"

எனக்கு அத்தையைக் கடித்துவிடலாம் போல இருந்தது. இத்தனைக்கும் திங்கட்கிழமை சாயந்திரங்களில் அந்தக் கதையை நான் அத்தைக்குத்தான் சொல்வேன். அவள் வற்றலுக்கு ஈரப்பலாக்காய் சீவிக்கொண்டிருப்பாள், நான் பக்கத்தில் குந்திக்கொண்டு சொல்வேன். "நான் ஒண்ணும் கேக்கலை, நீ பாட்டுக்குச் சொல்லு," என்பாள். ஆனால் நான் இடையில் நிறுத்தினால் கத்தியும் நின்றுவிடும்.

அம்மா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. பேசாத அம்மா என்றால் பயப்பட வேண்டும். மறுநாள் அப்பா வேலைக்குப் புறப்படும்போது, "சோப்பு எப்படிச் செய்றதுன்னு எங்கயாவது எழுதியிருக்கும்ல? தேடிக்கொண்டு வாங்க," என்றாள். அப்பாவும் கொண்டு வந்தார். துரை பங்களாவிலிருந்து கழித்துப் போட்ட ஓர் இங்கிலீஷ் வீட்டுக் குறிப்புப் புத்தகம். கறையான் முன்பாதியைத் தின்றிருந்தது, நல்ல வேளையாகச் சவர்க்காரத்துக்கு முன்னால் அதற்கு வயிறு நிறைந்துவிட்டது.

அப்பா கூடத்தின் நடுவில் நின்று, நீதவான் தீர்ப்பு வாசிப்பது போலத் தமிழில் சொன்னார். சாம்பலை ஓட்டைப் பானையில் அமுக்கித் தண்ணீர் ஊற்ற வேண்டும். அடியில் வடியும் காரத் தண்ணீரைக் காய்ச்சி இறுக்க வேண்டும். பிறகு எண்ணெயைச் சேர்த்துக் காய்ச்சிக் கிண்ட வேண்டும். கடைசியில் உப்பு. கொழுப்பு வேண்டும் என்று போட்டிருந்த இடத்தில் அப்பா தானாகவே தேங்காய் எண்ணெய் என்று மாற்றி வாசித்தார். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

"காரத்தில் ஒரு கோழி முட்டையை விட வேண்டும். அது அமிழாமல் மிதந்து, ஒரு சதக் காசு அளவுக்குத் தலை வெளியே தெரிந்தால் பதம் சரி."

அத்தை எழுந்து நின்றாள். "என்னது?"

"முட்டை, அக்கா. இவ்வளவுதான் இருக்கும். வழுவழுன்னு..." அப்பா விரலால் அளவு காட்டினார். முட்டையைப் பற்றி அவருக்கு இவ்வளவு விவரம் எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்கவில்லை. பார்த்தாள். அப்பா விரலை மடக்கிக்கொண்டார்.

"என் அடுப்படியில முட்டையா?"

"திங்கிறதுக்கு இல்லையே மதினி, மெதக்கவிட்டுப் பாக்குறதுக்குத்தானே," என்றாள் அம்மா.

"மெதந்தாலும் முட்டைதான், முங்குனாலும் முட்டைதான்." அத்தை கொஞ்சம் யோசித்தாள். "அது என்ன பரீட்சை எழுதுன முட்டையா? அந்த அளவுல, உருண்டையா, வழுவழுன்னு ஒண்ணு போட்டாப் போதும்ல?"

விறுவிறுவென்று தோட்டத்துக்குப் போனாள். ஒரு பிஞ்சுக் கத்தரிக்காயோடு திரும்பி வந்தாள். அளவு முட்டை, உருவம் முட்டை, வழுவழுப்பும் முட்டை. நிறம் மட்டும் ஊதா. அப்பா புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். ஸ்டோரில் நாற்பது பேரை அதட்டுகிற மனிதர் அக்காவுக்கு முன்னால் என்றைக்கும் தம்பிதான்.

சாம்பல் என் பொறுப்பு. கொக்கோக் காயை உடைத்துக் கொட்டையை எடுத்த பிறகு வெறும் மேலோட்டுக் கோதை மலை மலையாகக் கொட்டி வைத்திருப்பார்களே, அதில் காய்ந்ததாகப் பார்த்துப் பொறுக்கி, கொல்லையில் எரித்தேன். அந்தச் சாம்பல் வெள்ளை வெளேரென்று இருக்கும், நாக்கில் பட்டால் சுர்ரென்று கடிக்கும். நாக்கில் ஏன் வைத்தாய் என்று கேட்காதீர்கள், ஒன்பது வயதில் எல்லாவற்றையும் நாக்கில்தான் வைப்போம். பானையிலிருந்து காரம் சொட்டுச் சொட்டாகத் தேநீர் நிறத்தில் வடிந்தது. உம்மா இனிப்புத் தொதல் கிண்டும் தன்னுடைய பழைய இரும்புத் தாச்சியைக் கடன் கொடுத்தார். "தொதலத் தவிர ஒண்டும் கிண்டினதில்ல," என்று சத்தியம் பண்ணிய பிறகுதான் அத்தை அதை உள்ளே விட்டாள்.

புதன்கிழமை காரத்தைக் காய்ச்சினோம். அத்தை கத்தரிக்காயைப் போட்டாள். அது ஜம்மென்று மிதந்தது. ஒரு சதக் காசு என்ன, பாதிக் காயே வெளியில் நின்றது.

"பாத்தியா!" என்றாள் அத்தை. நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். எங்கள் காரம் புத்தகக் காரத்தைவிடப் பலமானது என்று அப்பாவே சொன்னார்.

வியாழக்கிழமை மூன்று போத்தல் தேங்காய் எண்ணெயை ஊற்றிக் காய்ச்சினோம். வீட்டில் இருந்த எண்ணெய் அவ்வளவும் அதுதான். அன்றிலிருந்து யாருக்கும் தலைக்கு எண்ணெய் கிடையாது, தாளிப்பும் கிடையாது. அம்மா கிண்டினாள், நான் கிண்டினேன், தோள் கழன்றது. எண்ணெய் மேலே நின்றது, தண்ணீர் கீழே நின்றது, இரண்டும் ஒன்றை ஒன்று திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலும் அதே பழுப்புக் கஞ்சி. அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. இறுகாவிட்டால் என்ன, அழுக்குப் போகிறதா பார்ப்போம் என்று என் சட்டையின் கீழ் விளிம்பை அதில் முக்கிக் கசக்கினாள். அழுக்குப் போகவில்லை, எண்ணெய் ஏறியது. பிளேன்டீ நிறச் சட்டைக்கு இப்போது கறுப்புக் கரை வேறு. நான் கிணற்றடியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

சத்தத்துக்கு உம்மா வேலிக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டார். "முட்டை மெதந்திச்சா?"

"கத்தரிக்காய் மெதந்துச்சு," என்றேன்.

உம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கிய பிறகு வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஒரு கத்தரிக்காயைப் பிடுங்கித் தன் வாளிக்குள் போட்டார். வெறும் கிணற்றுத் தண்ணீர். கத்தரிக்காய் ஜம்மென்று மிதந்தது. மூன்று நாளாக அடுப்படியில் நின்ற எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் அந்தப் புத்தி வரவில்லை. அம்மா மிச்சமிருந்த காரத்தில் ஒரு சிரட்டை எடுத்து வேலிக்கு மேலே கொடுத்தாள். உம்மா அதில் தன் வீட்டு முட்டை ஒன்றை விட்டார். அது கல்லுப் போல அடியில் போய் உட்கார்ந்தது.

"இன்னும் சாம்பல் போட்டு, இந்த முட்டை மெதக்குற வரைக்கும் காச்சுங்க தங்கச்சி. அந்தக் கஞ்சியும் வீணாப் போகாது, திருப்பி அதுக்குள்ளயே ஊத்துங்க," என்றார். பதம் பார்க்க வேலியடிக்கு வரச் சொல்வார் என்று பார்த்தால், "நாளைக்கு விடிய நாங்க அக்குறணைக்குக் கலியாணத்துக்குப் போறோம், திங்கக்கிழமதான் வருவோம்," என்று ஒரு குண்டைப் போட்டார்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். உள்ளே போய், பறித்து வைத்திருந்த கத்தரிக்காய் அத்தனையையும் அன்றைக்கே குழம்பு வைத்துவிட்டாள். தாளிப்பில்லாத குழம்பு. அந்தக் காய்மேல் அவ்வளவு கோபம்.

சனிக்கிழமை முழுக்க நான் கோது எரித்தேன். முகம், கை, மூக்கு எல்லாம் கரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை பிடித்துக்கொண்டது. வெளியில் அடுப்பு மூட்ட வழியில்லை, எல்லாம் அடுப்படிக்குள்தான். காரம் கொதித்துக் கொதித்துப் பாதியானது. பதம் வந்துவிட்டதா, தாண்டிவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை. பதம் தப்பினால் அந்த எண்ணெய் அவ்வளவும் போச்சு, வேறு எண்ணெய் இல்லை. மறுநாள் திங்கட்கிழமை. அப்பா கூடத்தில் உட்கார்ந்து பழைய பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். அம்மா அகப்பையும் கையுமாக நின்றாள், கண் கலங்கியிருந்தது. புகையினால் என்று சொன்னாள்.

"கண்ணை மூடிக்கொண்டு ஊத்திருறேன் மதினி. ஆனது ஆகட்டும்."

"இரு," என்றாள் அத்தை.

சாக்கு ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். விறகுச் சாய்ப்புப் பக்கம் போனதை நான் பார்த்தேன். திரும்பி வரும்போது சிரட்டை அகப்பையைக் கை நீளத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வந்தாள். அகப்பைக்கு மேலே ஒரு வாழையிலைத் துண்டு மூடியிருந்தது. அடுப்படி நிலையில் வந்து நின்றாள். ஒரு காலை உள்ளே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். வாய் ஏதோ முணுமுணுத்தது. மாரியம்மனிடம் மன்னிப்புக் கேட்டாளோ, கோழியைத் திட்டினாளோ, தெரியாது. பிறகு உள்ளே வந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, இலையை எடுத்தாள்.

கறுப்புக் கோழியின் முட்டை.

அம்மா, "மதினி..." என்றாள்.

"என்ன மதினி? வெள்ளைக் கத்தரிக்காய். பாத்ததில்லையா நீ?" அத்தையின் குரல் அதட்டலாகத்தான் வந்தது, அகப்பையை மட்டும் இன்னும் தள்ளி நீட்டினாள். "தாச்சிக்குள்ள விடு. வெரசா விடு. நான் பாக்க மாட்டேன்."

அம்மா விட்டாள். முட்டை அடியில் போய், ஒரு புரண்டு புரண்டு, மெல்ல மேலே வந்தது. சரியாக ஒரு சதக் காசு அளவுக்குத் தலையைக் காட்டிக்கொண்டு நின்றது.

"மெதக்குதா?" என்றாள் அத்தை சுவரைப் பார்த்தபடி.

"மெதக்குது அத்தை!" என்று நான் குதித்தேன்.

"அப்ப எடுத்து வெளிய வை. கத்தரிக்காய்க்கு அடுப்படியில என்ன வேலை?"

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. எண்ணெய்க் கஞ்சியை ஊற்றியதும் அது தடித்தது, குழம்பானது, களியானது. கடைசியில் உப்பு வேண்டும் என்று அம்மா தயங்கியபோது, அத்தை தானே போய் அந்தக் கல்லைத் தூக்கி வைத்துவிட்டுச் சாடியோடு கொண்டுவந்து கவிழ்த்தாள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஊறுகாய் போடவில்லை. மத்தியானம் பலகைப் பெட்டியில் கருப்பட்டி நிறத்தில் ஒரு பாளம் இறுகி நின்றது. சூடு ஆறுவதற்கு முன்பே ஒரு மூலையை வெட்டி என் சட்டையைத் துவைத்தார்கள். நுரை வந்தபோது அம்மாவும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் போலச் சிரித்தார்கள். நீலம் போட்டு, அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப் போட்டார்கள். காவல் அத்தை.

திங்கட்கிழமை பெரிய டீச்சர் காகிதத்தோடு வந்தார். என் சட்டைக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டு தடவை பிடித்தார். காகிதம்தான் மங்கல். அவர் குனிந்து என் காலரை மோந்து பார்த்தார். "இது என்ன சோப்?" என்று மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் கவனித்தேன், அவருடைய வெள்ளைச் சேலையின் கரையும் பிளேன்டீ நிறம்தான். அந்த மனுஷியும் பூந்திக்கொட்டைதான் போட்டுத் துவைத்துக்கொண்டு, எங்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது.

கடைசிப் பாடத்துக்கு என்னை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தி, முழு நேரமும் சவர்க்காரம் காய்ச்சுவது எப்படி என்று கேட்டு எழுதிக்கொண்டார். சாம்பல் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, உப்பு எவ்வளவு. எழுதி முடிக்கும் முன்பே மணி அடித்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு நாளும் அந்தக் கதைக்கு அவர் திரும்பவில்லை.

நான் ஸ்டோரைக் கடந்து வந்தபோது அப்பா வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போல உள்ளே போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்கு எதிரி தன் அக்காதான் என்று அவர் கடைசிவரைக்கும் நினைத்திருந்தார். நானும் அந்த நிமிஷம் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். வீட்டு வாசலில், வேலிக் கடப்படியில் அத்தை நின்றாள். உம்மா கலியாணத்திலிருந்து வந்து வேலியடியில் நின்றார், கையில் ஒரு முட்டை. வாழையிலையில் சுற்றிக் கம்பத்து மேலே யாரோ வைத்திருந்தார்களாம்.

"இந்த ஒரு முட்டை மட்டும் என்ன இப்பிடிப் பளபளண்டு ஈக்கிது?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "புள்ள, ஒன்ட மாமி பத்து மணியிலேந்து இந்தக் கடப்படியிலதான் நிக்கிறா. நான் வந்த நேரத்திலேந்து பாக்குறேன், ரோட்டப் பாத்தபடி நிக்கிறா," என்றார்.

பத்து மணி என்றால் என்னைத் திருப்பி அனுப்பினால் நான் வந்து சேரும் நேரம். ஓடிப் போய் அத்தை முன்னால் நின்றேன்.

"என்னடி இவ்வளவு நேரம்?" என்று சீறினாள்.

"பள்ளிக்கூடம் விடுற நேரமே இதுதான் அத்தை."

"ம்." என் காலரைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே போனாள், ஈரப்பலாக்காயையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் குந்தினேன். நாலு துண்டு சீவினாள். ஐந்தாவது துண்டில் கத்தி நின்றது.

"நான் ஒண்ணும் கேக்கலை," என்றாள். "ஏழாவது கதவைத் தெறந்தாளா அவ?"

டீச்சர் கதை சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது? மழைக்குள் சாக்கைப் போட்டுக்கொண்டு போன மனுஷியிடம் எந்த வாயால் சொல்வது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"தெறந்தா அத்தை. உள்ள ஒரு பெரிய தண்ணித் தொட்டி. அதுக்குப் பக்கத்துல, ஒரு வெள்ளைக் கத்தரிக்காய்."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அடி விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. கத்தி மறுபடியும் சீவத் தொடங்கும் சத்தம் கேட்டது.

"மெதந்துச்சா?" என்றாள்.